இல்லாத காலும் வலிக்கும்

போர் முடிந்து இவ்வளவு காலமாகியும், கண்ணிவெடிக்கும் ஷெல்லுக்கும் காலைக் குடுத்த ஆக்கள் எங்கட பக்கத்தில் ஊருக்கு ஊர் இருக்கினம். சலரோகத்தால் கால் எடுக்கப்பட்டவர்களும் இருக்கினம். அவர்கள் செயற்கைக் கால் போட்டு நடப்பதை நாங்கள் காண்கிறோம். இரவில் அந்த இல்லாத கால் வலிப்பதை யாரும் காண்பதில்லை. பாதம் எரியும், விரல்கள் முறுக்கிப் பிடிக்கும். தடவிவிடக் கையைக் கொண்டுபோனால் அங்கே பாய்தான் கிடக்கும். 'மண்டை பிழைச்சிட்டுது' என்று சனம் சொல்லுமோ என்ற பயத்தில் இதை வெளியில் சொல்லாமல் இருந்துவிடுவது லேசு.

உண்மையில் இது மிகப் பழைய வருத்தம். 16ஆம் நூற்றாண்டிலேயே பிரெஞ்சுப் படை வைத்தியர் அம்புரோஸ் பாரே இதை எழுதி வைத்தார். 1797இல் வலது கையை இழந்த ஆங்கிலேயக் கடற்படைத் தளபதி நெல்சன், இல்லாத விரல்களை உணர்ந்ததாகவும், ஆன்மா உண்டு என்பதற்கு அதுவே சாட்சி என்று சொன்னதாகவும் ஒரு கதை உண்டு. அமெரிக்க உள்நாட்டுப் போரில் காயப்பட்டவர்களைப் பார்த்த வைத்தியர் வியர் மிச்செல், 1866இல் இதைப் பெயர் போடாத ஒரு சிறுகதையாகத்தான் முதலில் வெளியிட்டார். 1871இல்தான் 'மாய உறுப்பு' என்று பெயர் வைத்து எழுதினார். பாருங்கோ, ஒவ்வொரு முறையும் இந்த அறிவைக் கொண்டுவந்தது போர்தான்.

காரணம் என்ன? வெட்டிய இடத்தில் நரம்பு நுனிகள் முடிச்சுப்போல் வளர்ந்து மூளைக்குச் சமிக்ஞை அனுப்புவதாக வைத்தியர்கள் நினைத்தார்கள். அதற்காக மிச்சக் காலையும் இன்னும் கொஞ்சம் வெட்டிப் பார்த்தார்கள். வலி போய்ப் பிறகு திரும்பி வந்தது.

சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்த தமிழர் வி. எஸ். ராமச்சந்திரன் வேறு இடத்தில் தேடினார். மூளையின் மேற்பரப்பில் உடம்புக்கு ஒரு வரைபடம் இருக்கிறது. அதில் கைக்குப் பக்கத்து வளவு முகம். 1990களின் தொடக்கத்தில், கை இழந்த ஒருவரின் கன்னத்தைப் பஞ்சுக் குச்சியால் தொட்டார். தொடுகை இல்லாத கையிலும் தெரிந்தது! கையிடமிருந்து செய்தி வராமல் போக, முகம் அந்த வளவுக்குள் வேலி தள்ளி வந்துவிட்டது என்று அவர் விளக்கினார்.

பிறகு அவர் செய்தது இன்னும் எளிது. நடுவில் ஒரு கண்ணாடியை நிறுத்தி, இருக்கிற கையின் விம்பம் இல்லாத கையின் இடத்தில் தெரியும்படி வைத்தார். நல்ல கையை விரித்தால் இறுகிக் கிடந்த மாயக் கையும் விரிவதுபோல் சிலருக்குத் தெரிந்தது. வலியும் குறைந்தது. 2007இல் அமெரிக்கப் படை மருத்துவமனை ஒன்றில் கால் இழந்தவர்களிடம் இதைச் சோதித்தார்கள். நாளுக்கு 15 நிமிடம், நாலு கிழமை. கண்ணாடி பார்த்த 6 பேருக்கும் வலி குறைந்தது. துணியால் மூடிய கண்ணாடி வைத்த 6 பேரில் ஒருவருக்குத்தான் குறைந்தது.

ஆனால் விசயம் அதோடு முடியவில்லை. 2013இல் தமார் மேக்கின் குழு ஸ்கேன் எடுத்துப் பார்த்தபோது, மூளையில் பழைய கையின் இடம் பெரும்பாலும் அப்படியே இருந்தது. வேலி தள்ளப்பட்ட கதையே இப்போது கேள்விக்குள்ளாகியிருக்கிறது. கண்ணாடியும் எல்லாருக்கும் சரிவருவதில்லை. ஏன் சிலருக்கு வலி குறைகிறது என்ற வாதம் இன்னும் நடக்குது.

ஒன்றில் மட்டும் வாதமில்லை: வலி உண்மை. அது பைத்தியமும் இல்லை, நடிப்பும் இல்லை. யாழ்ப்பாணத்து ஜெய்ப்பூர் நிலையம் கால் செய்து குடுத்து எத்தனையோ பேரை நடக்க வைத்தது. ஆனால் எழுவைதீவில் இருக்கிற ஒருவருக்கு ஒவ்வொரு தடவையும் ஊர்காவற்துறைக்குப் படகு, அங்கிருந்து யாழ்ப்பாணத்துக்கு பஸ். ஒருமுறை வைத்தியரிடம் காட்டி முறையைப் பழகிக்கொண்டால், கண்ணாடியை வீட்டிலேயே வைத்துப் பார்க்கலாம். அதற்குக் கரண்டும் வேண்டாம், மருந்தும் வேண்டாம். ஆனால் அந்த ஒருமுறை போவதற்கு, அவர் முதலில் வாய் திறந்து சொல்லவேணும். சொல்லும்போது சிரிக்காமல் கேட்க வீட்டில் ஒரு ஆள் இருக்கவேணும்.