மாதிரி எண்ணிக்கை (ஏலக்காய் நுண்ணுயிர்ச் சோதனை)

ஒரு சரக்கில் நோய்க்கிருமி உண்டா என்று அறிய எத்தனை மாதிரிகளைச் சோதிக்க வேண்டும் என்பதை முடிவு செய்யும் கணக்கு.

ஏலமலைத் தோட்டங்களின் ஏலக்காய், போடிநாயக்கனூரிலும் இடுக்கி மாவட்டம் புற்றடியிலும் உள்ள நறுமணப் பொருட்கள் வாரியத்தின் மின்னணு ஏல மையங்களில் விலைபோகிறது. வியாபாரிகள் காயின் நிறம், பருமன், எடை பார்த்து விலை கேட்பார்கள். ஆனால் சால்மோனெல்லா என்ற நோய்க்கிருமி கண்ணுக்குத் தெரியாது. காய் உலர்ந்த பின்னும் அது உயிரோடு இருக்கும். மூட்டை முழுவதும் சீராகப் பரவாமல் அங்கங்கே திட்டாக இருக்கும். ஆகவே ஒரே மூட்டையில் ஒரு கை அள்ளினால் போதாது. பல மூட்டைகளில், மேல், நடு, அடி எனப் பிரித்து எடுக்க வேண்டும்.

உண்ணத் தயாரான நறுமணப் பொருட்களுக்கு, சர்வதேச உணவுத் தர அமைப்பான கோடெக்ஸின் விதி 10 மாதிரி. தலா 25 கிராம். ஒன்றில்கூட சால்மோனெல்லா இருக்கக் கூடாது. சரக்கில் 5 சதவீதம் மாசுபட்டிருந்தால், 10 மாதிரியிலும் அது அகப்படாமல் போகும் வாய்ப்பு (0.95¹⁰) சுமார் 60 சதவீதம். 60 மாதிரி எடுத்தால் இந்த வாய்ப்பு 5 சதவீதத்துக்கும் கீழே இறங்கும்.

மருத்துவக் கருவிகளிலும் இதே சிக்கல்தான். அவற்றுக்கான கிருமிநீக்க இலக்கு, ஒரு கருவியில் கிருமி எஞ்சியிருக்கும் வாய்ப்பு பத்து லட்சத்தில் ஒன்று என்பது. அதை நேரடியாகச் சோதித்துக் காட்ட இயலாது. எனவே ஐஎஸ்ஓ 11137-2 தரத்தின் முதல் முறையில், 100 கருவிகளுக்குக் குறைந்த கதிர்வீச்சு அளவு கொடுத்துச் சோதிப்பர். இரண்டுக்கு மேற்பட்ட கருவிகளில் கிருமி வளராவிட்டால், கிருமிநீக்கத்துக்கான முழு கதிர்வீச்சு அளவு ஏற்கப்படும்.

மாதிரிச் சோதனை மாசைக் கண்டுபிடிக்கும் வாய்ப்பைக் கூட்டுமே தவிர, சரக்கைச் சுத்தமாக்காது.