அடினொயிட் என்னும் சொல்

திருகோணமலைத் துறைமுகத்துக்குப் போர்த்துக்கேயர் வந்தனர். பின்னர் அதன் கோட்டையை 1639இல் ஒல்லாந்தரும் 1795இல் ஆங்கிலேயரும் கைப்பற்றினர். இவர்களால் ஈழத் தமிழிற் புதிய சொற்களும் புகுந்தன. அலுமாரி போர்த்துக்கேயர் தந்தது. கந்தோர் ஒல்லாந்தர் தந்தது. ஆங்கில மருத்துவத்தோடு வந்தது அடினொயிட்.

இச்சொல்லின் வேர் கிரேக்கம். 'அடேன்' என்றால் சுரப்பி. 'எய்தோஸ்' என்றால் வடிவம். சுரப்பி போன்றது என்பதே பொருள். ஆயினும் இது சுரப்பியன்று. மூக்கின் பின்புறத்தே, அண்ணத்துக்கு மேலே அமைந்து, நோய்க்கிருமிகளை எதிர்க்கும் நிணநீர்த் திசு. குழந்தைப் பருவத்தில் வளர்ந்து, பின்னர்ச் சுருங்கிவிடும். அளவு மீறிப் பருத்தாலோ மூச்சு வாய்வழி செல்லும். நடுச்செவிக்குச் செல்லும் குழாய் அடைபட்டுக் கேள்வியும் மந்தமாகும்.

கொப்பன்ஹேகன் மருத்துவர் வில்ஹெல்ம் மேயர், காது மந்தமான இளம்பெண்ணொருத்தியின் உள்மூக்கை விரலால் தடவி இச்சதையைக் கண்டறிந்தார். 1868இல் அதனை எழுதி வெளியிட்டார். 1898இல் அந்நகரில் அவருக்குச் சிலை எழுந்தது.

மேயர் எழுதிய அக்காலத்திலே, மானிப்பாயில் அமெரிக்க மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன் தமிழிலேயே மருத்துவம் கற்பித்து வந்தார். 1872இல் 'மனுஷ அங்காதிபாதம்' என்னும் உடற்கூற்று நூலையும் தமிழில் வெளியிட்டார். நோயை நோயாளியின் மொழியிற் சொல்லவேண்டும் என்பதே அவர் உழைப்பின் கருத்து.

அது இன்றும் வேண்டப்படுவதே. வாய் திறந்தபடி வகுப்பிலிருக்கும் பிள்ளையை 'மந்தபுத்தி' என்று ஏசுகிறோம். அறிவு மந்தமன்று, செவியே மந்தமாயிருக்கலாம். பெயர் சூட்டுமுன் மருத்துவரிடம் காட்டுவோமாக.