கரோலின் அம்மாளின் கணக்குப் புத்தகம்

வங்கியில் 34 வருஷம் உட்கார்ந்து எழுந்தவன் நான். ஒரு குடும்பம் முறிகிறது என்றால் வக்கீலுக்குத் தெரிவதற்கு முன்னால் எங்களுக்குத் தெரிந்துவிடும். கணவனும் மனைவியும் சேர்ந்து வந்துகொண்டிருந்த கவுன்டருக்கு ஒரு நாள் ஒருவர் மட்டும் வருவார். குரலைத் தாழ்த்தி, "மேனேஜரைப் பார்க்கணும்" என்பார்.

அப்படி ஒரு நாள் ஒரு டீச்சர் அம்மா வந்தார். நாற்பதைத் தாண்டிய வயது. மஞ்சள் பையிலிருந்து ஜாயின்ட் அக்கவுன்ட் பாஸ்புக், வீட்டுக் கடன் தாள்கள், நகைக் கடன் ரசீது எல்லாவற்றையும் எடுத்து மேஜைமேல் பரப்பினார்.

"சார், நாங்க பிரிஞ்சுட்டோம். இந்த லோன்ல இருந்து என் பேரை எடுத்துடுங்க."

எடுக்க முடியாது. இருவர் சேர்ந்து வாங்கிய கடனை யாரிடம் வேண்டுமானாலும் முழுசாகக் கேட்கலாம் என்று 1872ஆம் வருஷத்து ஒப்பந்தச் சட்டம், 43ஆம் பிரிவில் சொல்கிறது. விவாகரத்துத் தீர்ப்பு அவர்கள் இரண்டு பேருக்கும் நடுவில் உள்ளது. வங்கி அதில் கட்சிக்காரர் இல்லை. கூட்டுக் கணக்கை வேண்டுமானால், ஒருவர் எழுதிக் கொடுத்தால், இனி இருவர் கையெழுத்தும் இருந்தால்தான் பணம் என்று நிறுத்தி வைக்கலாம். அதைச் செய்தேன்.

அடுத்து அவர் கேட்டதுதான் என்னைச் சங்கடப்படுத்தியது. கணவர் தனியாக வைத்திருந்த கணக்கின் ஸ்டேட்மென்ட் வேண்டும் என்றார். தர முடியாது என்றேன். "அப்போ எங்க வீட்டுப் பணம் எங்கே போச்சுன்னு நான் எப்படி சார் கண்டுபிடிக்கிறது?" என்றார். கோர்ட்டு கேட்டால் கொடுப்போம் என்றேன். அதற்கென்றே 1891ல் போட்ட வங்கியாளர் புத்தகச் சாட்சியச் சட்டம் இருக்கிறது. லெட்ஜரைத் தூக்கிக்கொண்டு கோர்ட்டுக்குப் போக வேண்டியதில்லை, சான்றிட்ட நகல் போதும். என் கையாலேயே அப்படி எத்தனையோ நகல்களுக்குக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். ஆனால் அந்தப் பதிலைச் சொன்னபோது, ஏதோ கதவை மூகத்தில் சாத்தியதுபோல் இருந்தது எனக்கு.

ஓய்வு பெற்ற பிறகு படிக்க நேரம் கிடைத்தது. அப்போதுதான் லண்டனில் இதே கேள்வி தலைகீழாக எழுந்த ஒரு கதையைப் படித்தேன். அங்கே கணக்குப் புத்தகத்தைத் தேடியது புருஷன்.

கரோலின் ஷெரிடன் 1808ல் பிறந்தவர். நாடகாசிரியர் ரிச்சர்ட் பிரின்ஸ்லி ஷெரிடனின் பேத்தி. இந்தத் தாத்தா நமக்கும் கொஞ்சம் தெரிந்தவர். வாரன் ஹேஸ்டிங்ஸ்மேல் பார்லிமென்டில் குற்ற விசாரணை நடந்தபோது, அவத் ராஜ்யத்து பேகம்களின் செல்வத்தைப் பறித்தது அநியாயம் என்று மணிக்கணக்காகப் பேசிப் புகழ் பெற்றவர். பெண்களின் சொத்தைப் பிடுங்குவது பற்றி அவ்வளவு பேசியவரின் பேத்திக்கே இப்படி நேர்ந்ததே என்று நினைத்துக்கொண்டேன்.

அப்பா சீக்கிரம் போய்விட்டார். சீதனம் பெரிதாக இல்லை. 1827ல், 19 வயதில், ஜார்ஜ் நார்ட்டன் என்ற பாரிஸ்டருக்குக் கட்டிக்கொடுத்தார்கள். பிரபு வம்சத்தில் இளைய பிள்ளை. பெயர் பெரிது, வரும்படி சிறிது. அடிக்கிற சுபாவமும் இருந்தது. கரோலின் கவிதையும் கதையும் எழுதிச் சம்பாதிக்க ஆரம்பித்தார். முதல் பிரசவத்துக்கான செலவே முதல் புத்தகத்தில் வந்த பணம்தான். புருஷனுக்கு மாஜிஸ்திரேட் உத்தியோகம் கிடைத்ததும் மனைவியின் செல்வாக்கால்தான். அன்றைக்கு உள்துறை அமைச்சராக இருந்த மெல்போர்ன் பிரபு அந்த வீட்டுக்கு வந்துபோகும் நண்பர்.

1836ல் நார்ட்டன் மூன்று பிள்ளைகளையும் அனுப்பிவிட்டு மனைவிக்கு வீட்டுக் கதவை அடைத்தார். அதற்குள் பிரதமராகிவிட்ட மெல்போர்ன்மேல், தன் மனைவியோடு தவறான உறவு என்று வழக்குப் போட்டு, 10,000 பவுண்டு நஷ்டஈடு கேட்டார். அந்த வழக்கில் கரோலினுக்கு வாய் திறக்க உரிமை கிடையாது. ஜூரிகள் இருந்த இடத்தை விட்டு எழுந்திருக்காமலே கேசைத் தள்ளினார்கள். மானம் பாதி மிஞ்சியது. ஆனால் குற்றம் நிரூபணமாகாததால் விவாகரத்தும் இல்லை. பிரிந்துபோன இருவரும் சட்டத்தின் கண்ணில் கணவன் மனைவியாகவே இருந்தார்கள்.

இங்கேதான் கணக்கு சிக்கலாகிறது. அன்றைய இங்கிலாந்துச் சட்டப்படி கல்யாணமான பெண்ணுக்குத் தனி ஆளுமை கிடையாது. அவர் எழுதிச் சம்பாதித்தால் அது புருஷன் பணம். அவர் நகை, துணிமணி, மேஜை நாற்காலி எல்லாம் புருஷன் சொத்து. அவர் ஒப்பந்தம் போட முடியாது. அவர்மேல் யாரும் வழக்கும் போட முடியாது. அதற்கு ஈடாக ஒரே ஒரு பொறுப்பு புருஷன் தலைமேல் இருந்தது. மனைவியின் அவசியச் செலவுக்குக் கடைக்காரன் கடன் கொடுத்தால் புருஷன் கட்ட வேண்டும். அதிலும் ஒரு சந்து உண்டு. மனைவிக்குப் போதுமான படி கொடுத்து வருகிறேன் என்று காட்டிவிட்டால் கட்ட வேண்டாம்.

பிள்ளைகளுக்காக கரோலின் நடத்திய போராட்டம் தனிக் கதை. சின்னக் குழந்தைகளைத் தாய் பார்ப்பதற்கு வழிசெய்யும் சட்டம் 1839ல் வந்ததற்கு அவர் எழுதிய பிரசுரங்கள் பெரிய காரணம். கடைசிப் பிள்ளை வில்லியம் 1842ல் குதிரையிலிருந்து விழுந்து இறந்தான். அதை இங்கே நீட்டவில்லை. எனக்கு எழுதத் தெம்பும் இல்லை.

1848ல் நார்ட்டனுக்குப் பணம் தேவைப்பட்டது. டிரஸ்டில் இருந்த தொகையின்மேல் கடன் வாங்க மனைவியின் சம்மதம் வேண்டும். கரோலின் சம்மதித்தார். பதிலுக்கு வருஷம் 500 பவுண்டு தருவதாக நார்ட்டன் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். மூன்று வருஷம் கழித்து கரோலினின் தாயார் இறந்தார். புருஷன் கை வைக்க முடியாதபடி, மகளுக்கு வருஷம் 480 பவுண்டு வரும்படி எழுதிவைத்திருந்தார். மெல்போர்ன் பிரபுவும் இறக்கும்போது சொல்லிவிட்டுப் போனபடி, அவர் குடும்பத்திலிருந்து 200 பவுண்டு வந்துகொண்டிருந்தது. நார்ட்டனுக்கு இது தெரிந்ததும், உனக்குத்தான் வருமானம் இருக்கிறதே என்று படியை வெட்டினார். எழுதிக் கொடுத்த பத்திரம் என்னாயிற்று என்று கரோலின் கேட்டார். கணவனும் மனைவியும் சட்டத்தில் ஒரே ஆள். ஒரே ஆள் தன்னோடு தானே ஒப்பந்தம் போட முடியாது. ஆகவே அந்தக் காகிதம் செல்லாது. இதுதான் பதில். சட்டம் படித்த மாஜிஸ்திரேட் போட்ட கையெழுத்து!

அப்புறம் கரோலின் ஒரு காரியம் செய்தார். கடன்காரர்களை எல்லாம் புருஷனிடம் அனுப்பினார். என்மேல் வழக்குப் போட உங்களுக்கு வழியில்லை, அவர்மேல் போடுங்கள் என்றார். 1853 ஆகஸ்டில் கோச் வண்டி செய்யும் ஒரு கம்பெனி நார்ட்டன்மேல் வழக்குப் போட்டது. வண்டி ரிப்பேர் பில், அவ்வளவுதான்.

அந்தச் சின்னப் பில்லுக்காக நார்ட்டன் செய்ததைப் படித்தபோது என் வங்கி மூளை அப்படியே நின்றுவிட்டது. மனைவியின் பேங்கருக்குச் சம்மன். புத்தகம் வெளியிடுபவர்களுக்குச் சம்மன். எந்தத் தேதியில் எவ்வளவு வந்தது, யாரிடமிருந்து வந்தது என்று கணக்கைத் திறந்து கோர்ட்டில் வாசிக்க வைத்தார். போதுமான பணம் அவளிடம் இருக்கிறது, ஆகவே கடன் என்னுடையது அல்ல என்று காட்டுவதற்காக. மெல்போர்ன் குடும்பத்துப் பணத்தையும் இழுத்து, 17 வருஷம் முன்னால் ஜூரி தள்ளிய பழியை மறுபடி கிளறினார். கரோலினும் அங்கே சாட்சியாக உட்கார்ந்திருந்தார்.

இதைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். எழுதிச் சம்பாதித்த பணம் சட்டப்படி புருஷனுடையது என்று பதிப்புரிமையைக் கேட்டவரும் இதே மனிதர். கடன் என்று வந்ததும் அதே பணம் மனைவியுடையதாகிவிட்டது. வரவு வரும்போது இருவரும் ஒரே ஆள். பற்று வரும்போது இரண்டு ஆள். 34 வருஷத்தில் எத்தனையோ மோசடி லெட்ஜர் பார்த்திருக்கிறேன். சட்டமே ஒப்புக்கொண்டு எழுதிய மோசடி லெட்ஜர் இது ஒன்றுதான்.

வழக்கு ஒரு சட்ட நுணுக்கத்தில் கடைக்காரருக்கு எதிராகப் போயிற்று. நார்ட்டன் ஜெயித்தார். பிறகு இருவரும் டைம்ஸ் பத்திரிகையில் கடிதம் எழுதிச் சண்டை போட்டார்கள். கரோலின் அதோடு விடவில்லை. 1854ல் பெண்களுக்கான இங்கிலாந்துச் சட்டங்கள் பற்றி ஒரு பிரசுரம், 1855ல் விக்டோரியா ராணிக்கு ஒரு பகிரங்கக் கடிதம். தன் வீட்டு வரவு செலவையே சாட்சியாக வைத்து எழுதினார்.

1857ல் வந்த திருமண வழக்குச் சட்டத்தில் அதன் பலன் தெரிந்தது. கைவிடப்பட்ட மனைவி தன் சம்பாத்தியத்தைப் புருஷனிடமிருந்தும் அவன் கடன்காரர்களிடமிருந்தும் காப்பாற்ற மாஜிஸ்திரேட்டிடம் உத்தரவு வாங்கலாம். கோர்ட்டு மூலம் பிரிந்தவர் தன் பெயரில் ஒப்பந்தம் போடலாம், வழக்காடலாம். 1870ல் இன்னொரு சட்டம், மனைவி உழைத்துச் சம்பாதித்தது அவருக்கே என்றது. எழுத்தால் வரும் பணம் என்று தனியாகவே சொன்னது.

அந்த வாசகம் அப்படியே கப்பலேறி இங்கே வந்தது. 1874ல் இந்தியாவில் போட்ட திருமணமான பெண்கள் சொத்துச் சட்டத்தில், 4ஆம் பிரிவில் இருக்கிறது. இந்துக்களும் முஸ்லிம்களும் அதில் சேர்க்கப்படவில்லை. நம்மவர்களுக்கு ஸ்ரீதனம் என்று ஏற்கெனவே ஒரு ஏற்பாடு இருந்தது. ஆனால் 6ஆம் பிரிவு மட்டும், சென்னை மாகாணத்தில், 1913ஆம் வருஷக் கடைசி நாளுக்குப் பிறகு எடுத்த பாலிசிகளுக்கு எல்லோருக்கும் பொருந்தும் என்று பிற்பாடு சேர்த்தார்கள். மற்ற மாகாணங்களுக்கு அது 1923ல்தான். புருஷன் தன் பெயரில் ஆயுள் காப்பீடு எடுத்து மனைவி மக்களுக்கென்று எழுதிவிட்டால், அவன் கடன்காரர்கள் தொட முடியாது. உங்களில் சிலர் வீட்டு பீரோவில் எம்.டபிள்யூ.பி. ஆக்ட் என்று குறித்த எல்.ஐ.சி. பாலிசி இருக்கலாம். எடுத்துப் பாருங்கள்.

நார்ட்டன் 1875ல் செத்தார். 1877 மார்ச்சில் கரோலின் தன் நெடுநாள் நண்பர் ஒருவரை மணந்தார். ஜூன் மாதம் இறந்துபோனார். மனைவியின் சொத்து முழுக்க மனைவிக்கே என்று இங்கிலாந்து சொன்னது அதற்குப் பிறகு, 1882ல்.

டீச்சர் அம்மா கதையை விட்டுவிட்டேனே. கோர்ட்டிலிருந்து சம்மன் வந்தது, நகல் கொடுத்தோம். கடைசியில் வீட்டை விற்றுக் கடனை அடைத்தார்கள். அசல் பத்திரத்தை வாங்க இருவரும் வந்து கையெழுத்துப் போட வேண்டும். ஒரே நாளில் வந்தார்கள். பெஞ்சில் அந்தக் கோடியில் ஒருவர், இந்தக் கோடியில் ஒருவர். அவர் பேனா எழுதவில்லை. அந்த அம்மா தன் பேனாவை எடுத்து, முகத்தைப் பார்க்காமல், பெஞ்சில் தள்ளி வைத்தார்.