வாடல் நோய்க் கிருமியின் வரலாறு

நேற்றுவரை பசுமை மாறாது நின்ற தக்காளிச் செடி இன்று நண்பகலில் தலை சாய்கிறது. நீர் ஊற்றினும் நிமிர்வதில்லை. அதன் தண்டை அறுத்து, தெளிந்த நீருள்ள கண்ணாடிக் குவளையில் தொங்கவிட்டால், வெட்டுவாயிலிருந்து பால் போன்ற மெல்லிழைகள் கீழே இறங்கும். அவ்விழைகளில் நிறைந்திருப்பவை கண்ணுக்குப் புலப்படாத நுண்கிருமிகளே.

தக்காளி, கத்தரி, உருளைக்கிழங்கு ஆகியவற்றை வாட்டும் இக்கிருமியை 1896-ஆம் ஆண்டில் உலகுக்கு அறிவித்தவர் அமெரிக்க வேளாண்மைத் துறையைச் சேர்ந்த எர்வின் ஸ்மித் என்பவர். ஆயினும் அறிஞர் உலகம் அதனை எளிதில் ஏற்றுக்கொள்ளவில்லை. கிருமிகள் நலமான செடிக்கு நோய் தரமாட்டா, முன்பே கெட்டுப்போன பகுதியில்தான் அவை குடியேறும் என ஜெர்மானியத் தாவரவியலறிஞர் ஆல்ஃபிரட் ஃபிஷர் 1897-இல் வாதிட்டார். இது வெறும் சொற்போர் அன்று. அவர் கூற்றே நிலைத்திருப்பின், நோய்பட்ட மண்ணையும் விதைக்கிழங்கையும் விலக்குமாறு உழவருக்கு அறிவுறுத்த இடமே இராது. கிருமியைத் தனித்துப் பிரித்து வளர்த்து, நலமான செடியில் குத்திச் செலுத்தி, அச்செடி வாடக்கண்டு, அதனின்றும் அதே கிருமியை மீண்டும் எடுத்துக் காட்டுவதே ஸ்மித் கைக்கொண்ட முறை. 1901-க்குள் அவர் விடுத்த மறுமொழிகளால் வாதம் அடங்கிற்று.

எனினும் ஒரு புதிர் எஞ்சியது. ஆய்வுக்கூடத்தில் நெடுநாள் வளர்த்த கிருமி தன் கொடுமையை இழந்துவிடுவதேன்? 1954-இல் ஆர்தர் கெல்மன் டெட்ரசோலியம் என்னும் பொருள் கலந்த ஊட்டக்கூழில் அதனை வளர்த்தார். நோய் தரும் கிருமிகள் நடுவே இளஞ்சிவப்பு தோன்றும் வெண்ணிறப் பிசுபிசுப்பான கூட்டங்களாகப் பரவின. ஆற்றல் இழந்தவையோ கருஞ்சிவப்பான சிறு வட்டங்களாயின. பிசின் நீங்கியபோது கொடுமையும் நீங்கிற்று என்பது தெரிந்தது.

காரணம் 1990-இல் புலனாயிற்று. ஸ்டீவன்ஸ் பிரம்ப்ளி, திமோத்தி டென்னி ஆகிய இருவரும் 'பி.எச்.சி.ஏ' என்னும் மரபணுவைப் பிரித்தெடுத்தனர். இது ஒன்று பழுதுபடின் பிசின் உற்பத்தி, செல்சுவரைச் சிதைக்கும் நொதிகள், நீந்துந் திறன் எனப் பல பண்புகள் ஒருசேர மாறுகின்றன. ஊர் முழுவதற்கும் ஆணையிடும் தலைவன் போன்றது அது.

அத்தலைவன் விழிப்பது எப்போது? 1997-இல் விடை கிடைத்தது. ஒவ்வொரு கிருமியும் ஒருவகைக் கொழுப்பு எஸ்ட்டரைச் சிறிது சிறிதாக வெளியிடுகிறது. கிருமிகள் சிலவாக இருக்கும்வரை அப்பொருளும் சிறிதே; தலைவன் அடங்கியிருக்க, கிருமிகள் நீந்தி வேர் வழியே உள்ளே புகுகின்றன. அவை பல்கிப் பெருகியதும் அப்பொருள் திரண்டு தலைவனை எழுப்புகிறது. உடனே பிசின் மிகுதியாகச் சுரக்க, செடியின் நீர்க்குழாய்கள் அடைபடுகின்றன. செடி வாடுகிறது.

1995 முதல் ரால்ஸ்டோனியா என வழங்கும் இக்கிருமியின் மரபுத்தொகுதி 2002-இல் முழுமையாக வெளியிடப்பட்டது. அதில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட மரபணுக்கள் காணப்பட்டன. நோயுற்ற செடியைப் பிழைக்க வைக்கும் மருந்து இன்றும் இல்லை; நோய் தாங்கும் வேர்ச்செடியில் ஒட்டுக்கட்டுவதும் தூய நிலம் தேர்வதுமே உழவருக்குத் துணை. ஆயினும் கிருமிகளின் அச்செய்தியைக் குலைக்க வழியுண்டா என்று அறிஞர் ஆராய்ந்து வருகின்றனர். பகைவன் யார் என்பதை ஸ்மித் நிறுவினார்; அவன் படை எப்போது எழும் என்பதைக் காணப் பின்வந்தோர்க்கு நூறாண்டு பிடித்தது.