வெயிலை வேலை வாங்கிய ரூத்தேனியம்

சூரிய ஆற்றல் ஆய்வுக்குள் ரூத்தேனியம் என்னும் உலோகம் வந்து சேர்ந்தது 1970களில். மூன்று பைபிரிடின் மூலக்கூறுகள் சூழ, நடுவில் ஒரு ரூத்தேனிய அயனி அமர்ந்திருக்கும் ஆரஞ்சு நிற அணைவுச் சேர்மத்தை 1936ஆம் ஆண்டிலேயே வேதியியலாளர் பர்ஸ்டால் ஆராய்ந்திருந்தார். 1959இல் அது ஒளிர்வதைக் கண்டார்கள். ஒளிபட்டுக் கிளர்ந்த நிலையில் அது தன் எலக்ட்ரானை வேறொரு மூலக்கூறுக்குக் கொடுத்துவிடும் என்று 1972இல் கேஃப்னியும் ஆடம்சனும் காட்டினார்கள். அதே ஆண்டில் ஜப்பானின் ஃபுஜிஷிமாவும் ஹோண்டாவும், டைட்டானியம் டை ஆக்சைடு மின்வாயின் மேல் ஒளி பாய்ச்சி நீரைப் பிரித்ததை அறிவித்தார்கள். 1973இல் எண்ணெய் நெருக்கடி வந்தது. அதன் பிறகு இந்த ஆய்வுகளுக்கு அவசரம் கூடியது.

இந்தச் சேர்மம் 450 நானோமீட்டரை ஒட்டிய நீல ஒளியை நன்றாக விழுங்கும். அப்போது உலோகத்திலிருந்து ஓர் எலக்ட்ரான் பைபிரிடினுக்குத் தாவுகிறது. நீரில் இந்தக் கிளர்ந்த நிலை மைக்ரோ நொடியில் பாதிக்குச் சற்றுக் கூடுதலாக நீடிக்கும். கேட்பதற்கு அற்ப நேரம்தான். ஆனால் கரைசலில் அலையும் இன்னொரு மூலக்கூறைச் சந்தித்து எலக்ட்ரானைக் கைமாற்ற இது தாராளமாகப் போதும்.

இந்தத் துறையில் தொடக்கத்திலிருந்தே உழைத்த தமிழர் கு. கல்யாணசுந்தரம். அமெரிக்காவின் நோட்ரே டேம் பல்கலைக்கழகத்தில் ஜே. கே. தாமஸுடன் அவர் செய்த ஆய்வு 1977இல் வெளிவந்தது. பைரீன் என்னும் மூலக்கூறின் ஒளிர்வுப் பட்டைகளின் விகிதத்தைக் கொண்டு, அது இருக்கும் சூழல் நீரைப் போன்றதா எண்ணெயைப் போன்றதா என்று சொல்லிவிடலாம் என்பதே அதன் சாரம். சோப்புக் கரைசல்களை ஆராய்பவர்கள் இன்றும் அந்த அளவுகோலைத்தான் எடுக்கிறார்கள். லண்டன் ராயல் இன்ஸ்டிட்யூஷனில், நோபல் பரிசு பெற்ற ஜார்ஜ் போர்ட்டருடனும் அவர் பணியாற்றினார். பிறகு சுவிட்சர்லாந்தின் லோசான் தொழில்நுட்பக் கழகத்தில் மைக்கேல் கிரெட்சலின் குழுவில் சேர்ந்தார்.

1978இல் கல்யாணசுந்தரம், கிவி, கிரெட்சல் மூவரும் கண்ணுக்குப் புலப்படும் ஒளியால் நீரிலிருந்து ஹைட்ரஜனை வரவழைத்தார்கள். ஒளியை வாங்குவது ரூத்தேனியச் சேர்மம். எலக்ட்ரானைச் சுமந்து செல்வது மெத்தில் வயோலஜன். ஹைட்ரஜனாக்கி முடிப்பது பிளாட்டினம் வினையூக்கி. ஆனால் இது பாதிக் கிணறுதான். இழந்த எலக்ட்ரானை ரூத்தேனியத்துக்குத் திருப்பித் தர இன்னொரு வேதிப்பொருள் தீர்ந்துகொண்டே இருந்தது. அந்த எலக்ட்ரானும் நீரிலிருந்தே வந்து, மறுபுறம் ஆக்சிஜன் கிளம்பினால்தான் கணக்கு நேராகும். ஓர் ஆக்சிஜன் மூலக்கூறுக்கு நான்கு எலக்ட்ரான்களைப் பிடுங்க வேண்டியிருப்பதால், எத்தனையோ குழுக்கள் முயன்றும் அந்தப் பாதி இன்றுவரை கடினமாகவே இருக்கிறது.

சிதறிக் கிடந்த இந்த அளவீடுகளையெல்லாம் தொகுத்து 1982இல் கல்யாணசுந்தரம் எழுதிய மீள்பார்வைக் கட்டுரை, ரூத்தேனிய ஒளிவேதியியலில் இறங்கும் எவரும் முதலில் புரட்டும் ஏடாயிற்று. ஒரு துறை வளர்வதற்குப் புதுக் கண்டுபிடிப்பு எவ்வளவு வேண்டுமோ, அவ்வளவு வேண்டும் இத்தகைய தொகுப்புழைப்பு. பாலிபிரிடின், போர்ஃபிரின் சேர்மங்களின் ஒளிவேதியியல் பற்றிய அவரது நூல் 1992இல் வந்தது. 1998 பொங்கலன்று அவர் தொடங்கிய மதுரைத் திட்டம், தமிழ் இலக்கியங்களை மின்னூல்களாக்கி எல்லோருக்கும் இலவசமாகத் தந்தது. ஆய்வுத் தரவைத் தொகுத்த அதே கைதான் அங்கும் வேலை செய்தது.

நீரைப் பிரிக்கும் முயற்சி தேங்கிய இடத்திலிருந்து, ஒளியை மின்சாரமாக்கும் சாய மின்கலம் பிறந்தது. டைட்டானியம் டை ஆக்சைடு மலிவானது, உறுதியானது. ஆனால் புற ஊதாக் கதிரை மட்டுமே வாங்கும். அதன் மேல் ரூத்தேனியச் சாயத்தை ஒட்டினால் புலப்படும் ஒளியும் வசமாகும். சமதளப் பரப்பில் ஒட்டும் ஒற்றை அடுக்குச் சாயம் மிகக் குறைந்த ஒளியையே பிடித்தது. நானோ அளவுத் துகள்களை நுண்துளைகள் நிறைந்த படலமாக்கியபோது உள்பரப்பு பல நூறு மடங்கு பெருகியது. 1991இல் ஓ'ரீகனும் கிரெட்சலும் 7 விழுக்காட்டைத் தாண்டிய திறனை அறிவித்தார்கள். ஹைதராபாத் உஸ்மானியா பல்கலைக்கழகத்தில் பயின்ற நஸீருத்தீனும் சக ஆய்வாளர்களும் 1993இல் விவரித்த ரூத்தேனியச் சாயம் அதை 10 விழுக்காட்டுக்கு உயர்த்தியது. இத்துறையின் அறிவைக் கல்யாணசுந்தரம் 2010இல் ஒரு நூலாகத் தொகுத்தார்.

இவ்வகை மின்கலத்தின் தனிச்சிறப்பு, மங்கலான ஒளியிலும் அதன் திறன் அதிகம் குறையாமல் இருப்பது. காவிரி டெல்டாவின் காரைக்கால் கடற்கரை வட்டாரத்துக்கு ஆண்டு மழையின் பெரும்பங்கு அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவக்காற்றால் வருகிறது. அப்போது நாள்கணக்கில் வானம் மூடிக்கிடக்கும் அந்த டெல்டாப் பகுதிக்கு, மங்கலிலும் வேலை செய்யும் இந்த மின்கலத்தின் இயல்பு பொருட்படுத்த வேண்டிய குணம். வெயிலை எரிபொருளாக்கிச் சேமிக்கும் ஹைட்ரஜன் ஆய்வின் தேவையும் இங்கேதான் நன்றாக விளங்கும்.

ரூத்தேனியம் அரிய உலோகம் என்பதால் அதைத் தவிர்க்கும் முயற்சிகள் வலுத்தன. 2014இல் துத்தநாகப் போர்ஃபிரின் சாயம் 13 விழுக்காட்டைத் தொட்டது. அதற்கு முன்பே, 2009இல், ஜப்பானின் மியாசாகா குழு இதே கலத்தில் சாயத்துக்குப் பதிலாகப் பெரோவ்ஸ்கைட் படிகத்தை இட்டது. அன்று 4 விழுக்காட்டைக்கூட எட்டாத அந்தக் கலம் இன்று 25 விழுக்காட்டைக் கடந்துவிட்டது.