கேமன் வாசல் மணி

மணி என்றதும் நம்மவருக்கு முதலில் ஞாபகம் வருவது ஆராய்ச்சி மணிதான். கன்றை இழந்த பசு கயிற்றை இழுத்தது, அரசன் தன் மகனையே தேர்க்காலில் இட்டான். பெரிய புராணம் இதைத் திருவாரூரில் வைத்து மனுநீதிச் சோழன் கதையாகச் சொல்கிறது. மகாவம்சம் அனுராதபுரத்தில் வைத்து எல்லாளன் கதையாகச் சொல்கிறது. அங்கே மணி அரசனின் படுக்கைக்கு மேலே, கயிறு வெளியே. துட்டகைமுனுவின் வெற்றியைப் பாட எழுந்த நூல், தோற்ற தமிழ் அரசனிடமிருந்து அந்த மணியைப் பறிக்காமல் விட்டது என்பதை நாங்கள் அடிக்கடி மறந்துவிடுகிறோம். இரண்டு கதையிலும் முக்கியம் கயிறு எந்தப் பக்கம் தொங்குகிறது என்பது. இழுப்பது குடி, கேட்பது அரசன்.

இன்று நான் சொல்ல வந்த மணியில் கயிறு மற்றப் பக்கம்.

கொழும்பு புறக்கோட்டையில் மெயின் வீதி முடிகிற இடத்தில், பழைய நகர மண்டபத்துக்குக் கிட்ட, ஒரு மணிக்கூண்டு தனியே நிற்கிறது. செட்டியார் தெருவுக்கு நகை வாங்கப் போனவர்கள் எத்தனையோ தரம் அதைக் கடந்திருப்பீர்கள். அண்ணாந்து பார்த்தவர்கள் குறைவு. இடத்தின் பெயர் கேமன்ஸ் கேட். கேமன் என்றால் ஒல்லாந்தர் மொழியில் முதலை. நகரத்தின் கழிவுகளைத் தின்ன வாவியிலும் கால்வாய்களிலும் முதலைகள் கூடுமாம், அதனால் வந்த பெயர். வாசல் போய்விட்டது, முதலையும் போய்விட்டது. மணிக்கூண்டு மட்டும் மிச்சம்.

மணி கொழும்பினுடையது அல்ல. அது கோட்டேயில் இருந்து வந்தது. கோட்டே தமிழருக்கு அந்நியமான ஊர் இல்லை. யாழ்ப்பாணத்து ஆரியச் சக்கரவர்த்தியின் வரி வசூலிப்பாரை விரட்டிய அழகக்கோனார் கட்டிய கோட்டை அது. பிறகு அங்கிருந்து புறப்பட்ட செண்பகப் பெருமாள்தான் 15ஆம் நூற்றாண்டின் நடுவில் யாழ்ப்பாணத்தைப் பிடித்தவன். அந்தக் கோட்டேக்குப் பிரான்சிஸ்கன் துறவிகள் 1543இல் வந்தார்கள். 1557இல் அரசன் தர்மபாலன் ஞானஸ்நானம் பெற்றுத் தொம் யுவான் ஆனான். புனித பிரான்சிஸ் தேவாலயத்தில் போர்த்துக்கேயரின் மணி அடித்தது. ஆனால் சீதாவாக்கையின் மாயாதுன்னை விடவில்லை. முற்றுகை மேல் முற்றுகை. 1565இல் போர்த்துக்கேயர் அரசனையும் கூட்டிக்கொண்டு கொழும்புக்குப் பின்வாங்கினார்கள். தலைநகரம் காடாயிற்று. மணி இடிபாட்டுக்குள் கிடந்தது.

1656 மே மாதம் ஒல்லாந்தர் கொழும்பைப் பிடித்தார்கள். அவர்கள் கத்தோலிக்கரைக் கண்ணில் காட்டக்கூடாது என்ற சீர்திருத்தச் சபையார். கத்தோலிக்கக் குருவுக்கு அடைக்கலம் கொடுத்தால் மரண தண்டனை என்று 1658இல் கட்டளை போட்டார்கள். குருவுக்குத் தடை, குருவின் மணிக்குத் தடையில்லை! வெண்கலம் விலை உயர்ந்தது, அதற்கு மதம் இல்லை. கோட்டே இடிபாட்டில் கண்டெடுத்து இந்த வாசலில் தொங்கவிட்டார்கள்.

அதற்குப் பிறகு மணியின் வேலை மாறியது. குன்றின் மேல் 1757இல் திறந்த வுல்வெண்டால் தேவாலயத்தின் ஆராதனைக்கு அது அடித்தது. (வுல்வெண்டால் என்றால் ஓநாய்ப் பள்ளத்தாக்கு. இலங்கையில் ஏது ஓநாய்? குவாதலூப்பே மாதாவின் பெயரை ஒல்லாந்தர் பிழையாக விளங்கியதால் வந்த வினை என்கிறார்கள்.) இரவில் அது விளக்கை அணை என்று அடித்தது. அதே நகரத்தில்தான் அடிமைகளை அந்தி சாய்ந்ததும் வாவிக்கு அப்பால் கொண்டுபோய் அடைத்தார்கள். அந்த இடத்தை ஆங்கிலத்தில் இன்றும் சிலேவ் ஐலண்ட் என்கிறார்கள், தமிழில் நாங்கள் கொம்பனித் தெரு என்கிறோம். எங்கள் பெயரில் அடிமை மறைந்து முதலாளி மட்டும் நிற்கிறார்.

விளக்கணைப்பு மணி ஐரோப்பாவுக்குப் பழசு. பிரெஞ்சில் குவ்ர்-ஃபூ. நெருப்பை மூடு என்றுதான் அதன் நேர்ப்பொருள். 2020 ஒக்டோபரில் பாரிசில் இரவு ஒன்பது மணிக்கு எங்களை வீட்டுக்குள் அனுப்பிய சொல் அதுதான். ஆனால் இந்த நாட்டில் மணிக்கயிறு கைமாறிய கதையும் உண்டு. நாம் கூடியிருக்கும் இந்தப் பொண்டியில் 1791 யூன் 21 விடியுமுன் பதினாறாம் லூயி குதிரை மாற்றிக்கொண்டு ஓடினான். அன்றிரவு வரேன் என்ற சின்ன ஊரில் அவனை நிறுத்திய சனத்தைத் திரட்டியது அபாய மணி. அரசனுக்கு எதிராக ஊர் அடித்த மணி. இரண்டு வருடம் கழித்து, 1793 யூலையில், அதே புரட்சி ஒரு பங்குக்கு ஒரு மணி போதும், மற்றதை உருக்கிப் பீரங்கி செய் என்றது. 1884இல் வந்த நகராட்சிச் சட்டம் கோபுரத்தின் திறப்பு ஒன்று பங்குத் தந்தையிடம், இன்னொன்று மேயரிடம் என்று பிரித்து எழுதியது. ஒரு மணிக்கு இரண்டு திறப்பு! சிரிக்கலாம். ஆனால் கேமன் வாசலில் ஊருக்கென்று ஒரு திறப்பு ஒருநாளும் இருந்ததில்லை. போர்த்துக்கேயர், ஒல்லாந்தர், 1796க்குப் பிறகு ஆங்கிலேயர். ஆள்கள் மாறினார்கள், கயிறு மேலேயே இருந்தது.

எங்களிடம் அதற்கு ஒரு சொல் இருக்கிறது: ஊரடங்கு. மணி தேவையில்லாமல் வானொலி அதைச் சொல்லத் தொடங்கிய காலத்தில் வளர்ந்தவர்கள் நாங்கள். 1983 யூலை 24 இரவு பொரளையில் தொடங்கிய கலவரம் மறுநாள் காலை புறக்கோட்டைக்கு வந்துவிட்டது. இந்த மணிக்கூண்டைச் சுற்றியுள்ள தெருக்களில் தமிழ்க் கடைகள் எரிந்தன. ஊரடங்குச் சட்டம் அன்று பிற்பகலில்தான் வந்தது. விளக்கை அணை என்று சொல்ல இரண்டு நூற்றாண்டாய்ப் பழகிய நகரம், நெருப்பை மூடு என்று சொல்ல அன்று நேரமெடுத்தது. லா சப்பலில் இன்று கடை வைத்திருக்கும் பலருடைய பயணம் அந்த வாரத்திலிருந்துதான் கணக்காகிறது.

மணிக்கூண்டு இன்னும் நிற்கிறது. கீழே நாட்டாமைமார் மூட்டை தள்ளிக்கொண்டு வழி விடச்சொல்லிக் கத்துகிறார்கள். கொழும்பைப் பற்றி எழுதும்போது நாங்கள் கோட்டை மதில்களையும் ஆளுநர் மாளிகைகளையும் எழுதுகிறோம், இந்தச் சந்தியை எழுதுவதில்லை. புறக்கோட்டையில் கடையோ வேலையோ செய்த குடும்பத்தவர்கள் இந்தச் சபையிலும் நேரலையிலும் இருப்பீர்கள். அந்த மணி அடித்துக் கேட்டதாக உங்கள் வீட்டுப் பெரியவர் எவராவது சொல்லியிருந்தால், கேள்வி நேரத்தில் முதலில் நீங்கள் பேசுங்கள்.