ஹெட்போன்: தொலைபேசியிலிருந்து விளையாட்டு வரை

இன்று இசைக்கும் கணினி விளையாட்டுக்கும் வாங்கப்படும் ஹெட்போன், முதலில் பேச்சுக்காகவே உருவானது. 1880களில் தொலைபேசி இணைப்பக ஊழியர்கள் ஒற்றைக் காதில் வைத்துக் கேட்ட கருவியே அதன் முன்னோடி. 1910இல் அமெரிக்காவின் யூட்டாவைச் சேர்ந்த நத்தானியல் பால்ட்வின், இரு காதுகளுக்குமான ஹெட்போனைச் செய்து கடற்படைக்கு அனுப்பினார்.

சென்னை மாகாண வானொலிக் கழகம் 1924இல் ஒலிபரப்பைத் தொடங்கியது. அக்காலப் படிக வானொலிப் பெட்டியில் ஒலியைப் பெருக்கும் வசதி கிடையாது. ஹெட்போன் மாட்டியவருக்கே பாட்டு கேட்கும். மற்றவர்கள் தம் முறைக்குக் காத்திருக்க வேண்டியதுதான்.

இசைக்கான ஸ்டீரியோ ஹெட்போனை 1958இல் ஜான் காஸ் அறிமுகப்படுத்தினார். 1968இல் வந்த சென்ஹைசர் எச்டி 414 திறந்த வகை. அதில் ஒலி விரிந்து கேட்கும், ஆனால் வெளிச்சத்தமும் உள்ளே வரும். மின்விசிறி ஓடும் அறைக்கு மூடிய வகையே பொருந்தும்.

புளூடூத் வகையில் பழைய தொலைபேசி இன்னும் ஒளிந்திருக்கிறது. இசைக்கு ஒரு முறை, பேச்சுக்கு வேறு முறை. மைக்கை இயக்கியதும் கருவி பேச்சு முறைக்கு மாறிவிடும். அம்முறையின் தொடக்க வடிவம், எண்ணியல் தொலைபேசியைப் போலவே, ஒலியை நொடிக்கு 8,000 முறை மட்டுமே அளந்தது. விளையாடிக்கொண்டே நண்பரிடம் பேசத் தொடங்கினால் இசை திடீரென மங்குவது இதனால்தான். கருவி பழுதென்று எண்ண வேண்டாம். கம்பியுள்ள ஹெட்செட்டில் இச்சிக்கல் இல்லை. 2020இல் அறிவிக்கப்பட்ட எல்இ ஆடியோ இக்குறையைக் களையக்கூடியது. ஆனால் ஹெட்போன், கணினி இரண்டிலும் அவ்வசதி இருக்க வேண்டும்.